குடியேறியவர் வீட்டுப் பிள்ளைகளால் தலைநிமிர்ந்த கனடா
கூடைப்பந்து வெற்றி சொல்லும் பாடம்

ஏர்பேடு: ஐஸ் ஹாக்கியைத் தவிர வேறு ஆட்டம் அறியாத நாடு என்று நெடுங்காலம் பெயர் வாங்கியிருந்தது கனடா. அந்த நாட்டு வாலிபர் ஒருவர் 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.யில் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். சராசரியில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. சாம்பியன் பட்டம் வென்ற ஓக்லஹாமா சிட்டி அணிக்குத் தூணாக நின்றவரும் அவரே. அவர் பெயர் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர்.

அவருடைய தாயார் சார்மெயின் கில்ஜஸ் 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓடியவர். ஆனால் கனடாவுக்காக அல்ல. கரீபியன் கடலில் உள்ள ஆண்டிகுவா-பார்புடா என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டுக்காக. தாய் ஒரு நாட்டின் சட்டையை அணிந்து ஓடினார். மகன் இன்னொரு நாட்டின் சட்டையை அணிந்து ஆடுகிறார். கனடாவின் கூடைப்பந்து வரலாறு முழுவதும் இந்த ஒரு குடும்பத்தின் கதையில் அடங்கியிருக்கிறது எனலாம். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து திருப்பதி, ரேணிகுண்டா, ஏர்பேடு வட்டாரத்தில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழர்கள் இந்தச் செய்தியைக் கூர்ந்து கவனிக்க வேண்டிய காரணமும் இதுதான்.

கண்டுபிடித்தவரும் கனடியரே

கூடைப்பந்தை அமெரிக்க ஆட்டம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவில் ஆல்மான்ட் என்ற ஊரில் 1861இல் பிறந்தவர். அவரும் உத்தியோகத்துக்காக எல்லை தாண்டியவர்தான். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் முரண்டு பிடித்த மாணவர்களை அடக்குவதற்கு 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை அமைத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைச் சுவரில் மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அன்று கூடை மாட்டிய 10 அடி உயரமே இன்றும் வளையத்தின் உயரம்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. கனடாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதற்குப் பின் ஒலிம்பிக்கில் அந்நாட்டு ஆடவர் அணி ஒரு பதக்கமும் பெறவில்லை.

ஆடவரை விடப் பெண்களே அந்நாளில் கனடாவின் பெயரை நிலைநாட்டினர். எட்மண்டன் நகரில் ஒரு வணிகவியல் உயர்நிலைப் பள்ளியின் மாணவிகளும் பழைய மாணவிகளும் சேர்ந்து அமைத்த 'கிராட்ஸ்' அணி 1915 முதல் 1940 வரை ஆடியது. 522 ஆட்டங்களில் 502 வெற்றி என்பது அதன் கணக்கு. அந்தப் பெண்கள் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர்; பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பந்தைத் தொட்டவர்கள்.

ஏன் பின்தங்கியது?

இத்தனை பெருமை இருந்தும் அறுபது ஆண்டு காலம் கனடாவில் இந்த ஆட்டம் இரண்டாம் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தது. பணமும் புகழும் ஐஸ் ஹாக்கிக்கே போயின. இப்போதைய என்.பி.ஏ. தன் முதல் ஆட்டமாகக் கணக்கிடும் பந்தயம் 1946 நவம்பர் 1ஆம் தேதி டொராண்டோவில்தான் நடந்தது. ஆயினும் அந்நகரத்தின் 'ஹஸ்கீஸ்' அணி ஒரே சீசனில் கடையைக் கட்டியது. பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அங்கே என்.பி.ஏ. அணியே இல்லை.

மாறுதல் மைதானத்தில் தொடங்கவில்லை. குடியேற்றச் சட்டத்தில் தொடங்கியது. 1967இல் கனடா குடியேற்றத்துக்குப் புள்ளி முறையைக் கொண்டு வந்தது. எந்த நாட்டவர், என்ன நிறத்தவர் என்று பாராமல் படிப்பு, தொழில், மொழியறிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து ஆட்களை ஏற்றது. ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட் போன்ற தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்கா, ஆசியாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. 1983க்குப் பின் ஈழத்தமிழர்களும் பெருவாரியாகச் சென்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியமர்ந்தனர்.

புதிதாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி எட்டாத ஆட்டம். சறுக்குக் காலணி, கவசம், மட்டை, பனித்தளத்துக்கு வாடகை என்று செலவு மேல் செலவு. கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். குளிர்காலத்திலும் பள்ளிக்கூட உள்ளரங்கில் ஆடலாம். ஏழை வீட்டுப் பிள்ளை எந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

சொந்த அணி செய்த வேலை

1995இல் டொராண்டோவுக்கு 'ராப்டர்ஸ்', வான்கூவருக்கு 'கிரிஸ்லீஸ்' என இரு என்.பி.ஏ. அணிகள் கிடைத்தன. வான்கூவர் அணி தாக்குப்பிடிக்கவில்லை. 2001இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்குப் போய்விட்டது. டொராண்டோ அணி நிலைத்தது. 1998இல் அதில் சேர்ந்த வின்ஸ் கார்ட்டர் காற்றில் தாவிப் பந்தை வளையத்துக்குள் திணித்த விதத்தைப் பார்த்து, நகரத்துப் பொடியன்களெல்லாம் வளையத்தைத் தேடி ஓடினார்கள்.

அந்தப் பொடியன்கள் பெரியவர்களானதும் விளைச்சல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஸ்டீவ் நாஷ் 2005, 2006 ஆகிய இரு ஆண்டுகளிலும் என்.பி.ஏ.யின் சிறந்த ஆட்டக்காரர் ஆகி முன்பே வழிகாட்டியிருந்தார். 2013இல் ஆண்டனி பென்னட், 2014இல் ஆண்ட்ரூ விக்கின்ஸ் என அடுத்தடுத்து இரு கனடியர்கள் என்.பி.ஏ. வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டனர். 2015இல் பஞ்சாபிப் பெற்றோருக்கு டொராண்டோவில் பிறந்த சிம் புல்லர், இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ.யில் ஆடிய முதல் வீரரானார். 2019 ஜூனில் ராப்டர்ஸ் அணி கோல்டன் ஸ்டேட் அணியை வீழ்த்தி சாம்பியன் பட்டம் பெற்றபோது, ஊர்வலத்தைக் காணப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் டொராண்டோ வீதிகளில் திரண்டனர்.

2023 செப்டம்பரில் மணிலாவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கனடா, கூடுதல் நேரத்தில் 127-118 என்ற கணக்கில் அமெரிக்காவையே வென்றது. உலகக் கோப்பையில் கனடிய ஆடவர் பெற்ற முதல் பதக்கம் அதுவே.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெரும் எதிர்பார்ப்போடு போன அணி காலிறுதியில் பிரான்சிடம் தோற்றுத் திரும்பியது. திறமையுள்ள பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போய்விடும் வழக்கமும் மாறவில்லை. ஆனாலும் வந்தவர் வீட்டுப் பிள்ளையை "நீ யார்?" என்று கேட்காமல் பந்தைக் கையில் கொடுத்த நாடு அதன் பலனை அறுவடை செய்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஸ்பிரிங்பீல்டிலிருந்து சென்னைக்கு

இந்தியாவில் இந்த ஆட்டத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. நெய்ஸ்மித் பணியாற்றிய அதே ஸ்பிரிங்பீல்டு பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் வழியாகப் புதிய ஆட்டங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பரவின. கரூர், கோவை, பெரியகுளம் ஆகிய ஊர்களில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் நடைபெறுவதும், அவற்றைக் காண மாலையில் குடும்பத்தோடு மக்கள் வந்து அமர்வதும் தமிழ்நாட்டுக்கே உரிய சிறப்பு.

அந்தப் போட்டிகளில் மோதும் அணிகளின் பெயரைக் கேட்டாலே நம் நாட்டு நிலைமை விளங்கும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எப்., தென்னக ரயில்வே, ராணுவம், விமானப்படை! கனடாவில் கூடைப்பந்து கோடிகளைத் தேடித் தருகிறது. இங்கே அது உத்தியோகத்தைத் தேடித் தருகிறது. அதை இளப்பமாக எண்ண வேண்டியதில்லை. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அந்த உத்தியோகமே விடிவெள்ளி.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இதற்குச் சான்று. தென்னக ரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே சுமார் பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடினார். இளம் வயதிலேயே அணித் தலைவியானார். குழந்தை பிறந்த பின்னும் களத்துக்குத் திரும்பி, 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் பட்டம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் பிறந்து தென்னக ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை அணிகளின் தேர்வுப் பயிற்சி வரை சென்றார். ரயில்வே அணிக்கு மாநிலம் கிடையாது. தமிழச்சியும் மலையாளியும் வங்காளியும் ஒரே சட்டையில் ஆடுவார்கள். தேசியப் போட்டியில் ரயில்வே பெண்கள் ஆண்டுக்கணக்கில் கோலோச்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் உத்தியோகம் என்ற ஏணி ஓரளவுக்குத்தான் ஏற்றும். வேலை கிடைத்ததும் இலக்கை எட்டிவிட்டோம் என்ற நிறைவு பலருக்கு வந்துவிடுகிறது. ஆடியே பிழைக்கலாம் என்ற நம்பிக்கையைத் தரும் நிலையான லீக் வேரூன்றவில்லை. 2015இல் தொடங்கிய யூ.பி.ஏ. லீக் 2017உடன் நின்றது. இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறை, 1980இல் மாஸ்கோவில். அங்கே கடைசி இடம். 2014இல் சீன மண்ணிலேயே சீன அணியை 65-58 என்று வீழ்த்திய பெருமையும் உண்டு. அந்த வேகம் நீடிக்கவில்லை. 2025 ஆசியக் கோப்பையில் ஜோர்டானைக் கூடுதல் நேரம் வரை இழுத்தும், பிரிவு ஆட்டங்கள் அனைத்திலும் தோல்வியே மிஞ்சியது.

இங்குள்ள தமிழர்களுக்கு என்ன?

இந்த வட்டாரத்தில் எல்லைக்கோடு நகர்ந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாகாணத்துக்குத் திரும்பியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது, சித்தூர் மாவட்டத்திலிருந்த ஏர்பேடு அதில் சேர்ந்தது. கோடுகள் மாறின, மக்கள் இருந்த இடத்தில் இருந்து உழைத்தார்கள். இன்று ஏர்பேட்டில் ஐ.ஐ.டி.யும் ஐசர் கல்வி நிலையமும் இருக்கின்றன. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

ஆயினும் கூலிக்காரர், குமாஸ்தா வீடுகளில் ஒரு தயக்கம் இருக்கிறது. "நமக்கு இது ஊர் அல்ல, பையன் இங்கே ஆடி என்ன ஆகப்போகிறது? எந்த மாநிலத்துக்கு ஆடுவான்?" என்ற கேள்வியே அது. பிள்ளை ஊருக்குத் திரும்பும் நாள் வரட்டும் என்று பெற்றோர் காத்திருக்கிறார்கள். அதற்குள் ஆட்டம் பழகும் வயது கடந்துவிடுகிறது. பத்து வயதில் பந்தைத் தொடாதவன் இருபது வயதில் வீரனாவது அரிது.

கனடாவின் அனுபவம் இந்தக் கேள்விக்கு நேரான விடை தருகிறது. படிக்கிற பள்ளிக்கு ஆட வேண்டும். வாழ்கிற மாவட்டத்துக்கு ஆட வேண்டும். தகுதி வந்தால் வளர்த்த மாநிலத்தின் சட்டையை அணிய வேண்டும். திருப்பதி மாவட்டத்துக்கு ஆடுகிற தமிழ்ப் பிள்ளை தாய்மொழியை விட்டுவிட்டதாகாது. கில்ஜஸ் வீட்டுப் பிள்ளை கனடாவுக்கு ஆடியதால் தாயின் தீவுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அங்கேயும் அவர் பெயரைச் சொல்லி மகிழ்கிறார்கள்.

பெற்றோரின் மனமாற்றம் மட்டும் போதாது. பள்ளி நிர்வாகங்கள் பூட்டிக் கிடக்கும் மைதானங்களை மாலையில் திறந்துவிட வேண்டும். மூவர் ஆட்டத்துக்கு அரைத்தளமும் ஒரு வளையமும் போதுமானது; டோக்கியோ ஒலிம்பிக் முதல் அதற்கும் பதக்கம் உண்டு. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவில் கோலப் போட்டியோடும் பேச்சுப் போட்டியோடும் நிறுத்திக்கொள்ளாமல், தெலுங்குப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு கூடைப்பந்துப் போட்டி நடத்தினால் அதற்குப் பெரிய செலவு ஆகாது. அணிகளை மொழிவாரியாகப் பிரிக்காமல் தெருவாரியாகப் பிரிப்பது இன்னும் நல்லது.

நெய்ஸ்மித் கூடையைச் சுவரில் மாட்டியபோது யார் வீட்டுப் பிள்ளை ஆடலாம் என்று பதின்மூன்று விதிகளில் ஒன்றிலும் எழுதி வைக்கவில்லை. எழுதாத விதியை மனத்துக்குள் போட்டுக்கொண்டு பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவது பெரியவர்கள்தாம். அதை அவர்களே அழித்துவிட்டால், ஏர்பேட்டுப் பக்கத்துப் பிள்ளையின் பெயரும் ஒரு நாள் இந்திய அணிப் பட்டியலில் இடம்பெறக் கூடும்.