ஊதுகிறவருக்கு ஒரு கூடம் வேண்டும்

நசரத்பேட்டையில் பஸ் ஏறி, பூந்தமல்லி, போரூர் தாண்டி ஆற்காடு சாலையைப் பிடித்தால் வடபழனி வந்துவிடும். தமிழ் சினிமாப் பாடல்களில் எத்தனையோ, அந்தப் பக்கத்து ஏவி.எம்., பிரசாத் போன்ற ஸ்டுடியோக்களில் பதிவானவை. டிரம்பெட்டும் டிராம்போனும் வயலின்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்த காலம் அது. இன்று ஒரு சின்ன அறை, ஒரு கணினி, ஒரு கீபோர்டு இருந்தால் பாட்டு தயார். டிரம்பெட் வேண்டுமா? கட்டையைத் தட்டினால் வந்துவிடுகிறது!

உண்மையிலேயே வருகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பித்தளையில் செய்திருந்தாலும் சாக்ஸபோன் இந்த ரகம் கிடையாது. நாகஸ்வரத்தில் சீவாளி அதிர்வதுபோல அதில் ஒரு நாணல் அதிர்கிறது. 'டூயட்' (1994) படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்தது அதைத்தான். டிரம்பெட், டிராம்போன், பிரெஞ்ச் ஹார்ன், டியூபா ஆகியவற்றில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. வாத்தியத்தில் பாதி அவர் உடம்பிலேயே இருக்கிறது என்று சொல்லலாம்.

சாம்பிள்கள் தோற்பதும் இங்கேதான். டிரம்பெட்டை மெதுவாக ஊதினால் குரல் மென்மையாக, வட்டமாக இருக்கும். பலமாக ஊதினால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஒலியின் நிறமே மாறிப் பளபளவென்று ஆகிவிடும். ஒரே ஸ்வரத்தை நீட்டும்போதே இந்த மாற்றம் படிப்படியாக நடக்கும். கீபோர்டில் இருப்பதோ சில அளவுகளில் எடுத்து வைத்த துண்டுகள். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது காதுக்குத் தெரிந்துவிடும்.

"அப்படியானால் ஆளையே கூப்பிட்டு அந்தச் சின்ன அறையில் வாசிக்க வைக்கலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் அடுத்த தவறு. தாழ்வான கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாவற்றையும் கலக்கிவிடும். மைக்கை டிரம்பெட்டின் வாய்க்கு நேராக ஒட்டிவைத்தால் காதைக் கிழிக்கிற கூர்மைதான் பதிவாகும். ஓரிரு மீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தால் ஒலி இதமாகிறது. மேல் ஸ்தாயியின் கூர்மையை மழுக்கித் தரும் ரிப்பன் மைக்குகளைப் பல பொறியாளர்கள் விரும்புவது இதனால்தான். பிரெஞ்ச் ஹார்னின் வாயோ பின்பக்கம் பார்க்கும். அதற்குப் பின்னால் உள்ள சுவரும் பாட்டில் சேர்ந்துகொள்கிறது. ஆக, பித்தளைக்கு மைக்கைவிட முக்கியம் கூடம்.

இன்னொரு விஷயம், உதடு களைத்துப் போகும். இருபதாவது டேக்கில் முதல் டேக்கின் குரல் வராது. ஏசியில் குளிர்ந்து கிடந்த வாத்தியம் சுருதி குறைந்து பேசும். முதலில் ஊதிச் சூடேற்ற நேரம் தர வேண்டும்.

செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான். பெரிய கூடத்தின் வாடகை, கலைஞர்களின் சம்பளம் எல்லாம் சிறிய படத்துக்குத் தாங்காது. பெரிய படங்கள் வெளிநாட்டுக்கே போய்விடலாம். 'ஹே ராம்' (2000) பின்னணி இசைக்கு புடாபெஸ்டின் இசைக்குழு வாசித்தது. மற்றவர்களுக்கு வழி?

வழி புறநகரிலேயே இருக்கிறது. இப்போது பதிவுக் கருவிகள் ஒரு பையில் அடங்கும். ஒரு மடிக்கணினி, நாலு மைக் போதும். இல்லாதது உயரமான கூரை மட்டுமே. நசரத்பேட்டை, பூந்தமல்லி வட்டாரத்தில் கல்லூரி அரங்கங்கள், கல்யாண மண்டபங்கள், தேவாலயங்கள் உண்டு. முகூர்த்தமில்லாத நாளில் மண்டபம் பூட்டித்தானே கிடக்கிறது! பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் என்பதால் லாரிச் சத்தம் பெரிய தொல்லைதான். சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கூடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கல்யாண ஊர்வலத்திலும் இறுதி ஊர்வலத்திலும் டிரம்பெட் ஊதுகிறவர்களைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலைக்கு மேலே ஒரு படி இருந்தது. அதுதான் ஸ்டுடியோ. அந்தப் படியை எடுத்துவிட்டால் அவர்கள் பிள்ளைகள் எதற்காகக் கற்றுக்கொள்வார்கள்? சாம்பிள் எடுப்பதற்கும் முதலில் யாராவது ஒருவர் ஊதத்தானே வேண்டும்!