ஒலுவில் துறைமுகம்: மணலுக்கு முன்னால் நடந்த பிழை

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றிக் கல்முனைப் பக்கத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது மணல்தான். முகத்துவாரத்தை மணல் மூடுகிறது, ஆழ்கடல் படகு உள்ளே போக முடியவில்லை, வடக்கே கரையைக் கடல் அரிக்கிறது. அடுத்து வருவது அரசியல்: எந்தக் கட்சி கொண்டுவந்தது, எந்தக் கட்சி கைவிட்டது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தத் துறைமுகத்தின் தலைவிதியில் ஒரு பகுதி, பணக்கார நாடுகள் தமக்குள் போட்ட வர்த்தகச் சண்டையில் எழுதப்பட்டது. அந்தக் கதை இங்கே பேசப்படுவது குறைவு.

ஒலுவிலுக்கு ஒரு துறைமுகம் என்பது எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு. 1994இல் துறைமுக அமைச்சரான அவர், அதே ஊரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமையவும் காரணமானார். 2000 செப்டம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். துறைமுக வேலை தொடங்க 2008 ஆகிவிட்டது. பணம் டென்மார்க்கிலிருந்து வந்தது: சுமார் 4 கோடி 60 இலட்சம் யூரோ, வட்டியில்லாக் கடன். கட்டியது எம்.டி. ஹொய்கார்ட் என்ற டென்மார்க் நிறுவனம். 2013 செப்டம்பர் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அதைத் திறந்துவைத்தார்.

வட்டி ஹராம் என்று கேட்டு வளர்ந்த ஊர்களில் வட்டியில்லாக் கடன் என்ற சொல்லே பாதி சம்மதத்தை வாங்கிவிடும். ஆனால் அந்தக் கடனின் உள்விவரம் வேறு. வங்கிக்குரிய வட்டியை டென்மார்க் அரசு தன் வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து கட்டும். ஒப்பந்தம் டென்மார்க் நிறுவனத்துக்குப் போக வேண்டும். முதலை இலங்கை திருப்பிச் செலுத்த வேண்டும். உதவியையும் ஏற்றுமதி வியாபாரத்தையும் ஒன்றாகக் கலந்த இந்த ஏற்பாட்டுக்குக் கலப்புக் கடன் என்று பெயர்.

இந்தக் கலப்புக் கடனை வைத்துத்தான் 1980களில் பணக்கார நாடுகள் முட்டிமோதின. பிரான்ஸ் போன்ற நாடுகள் உதவி என்ற பெயரில் மலிவுக் கடன் கொடுத்து, ரயில், மின்நிலைய ஒப்பந்தங்களைத் தங்கள் நிறுவனங்களுக்கு அள்ளிக்கொண்டன. அமெரிக்கா ஆத்திரப்பட்டது, 1986இல் தன் ஏற்றுமதி வங்கிக்கென பதிலடி கொடுக்க ஒரு தனி நிதியையே ஒதுக்கியது. கடைசியில், பாரிஸைத் தலைமையகமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் நாடுகள் 1991இல் ஹெல்சின்கியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இலாபம் தரக்கூடிய திட்டங்களுக்கு இப்படிக் கட்டுப்பாடு போட்ட உதவிக் கடன் கூடாது. சந்தைக் கடனில் தன் செலவைத் தானே ஈட்ட முடியாத திட்டங்களுக்குத்தான் கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். அந்த விதியின் நோக்கம் வியாபாரிகளிடையே நியாயம். ஆனால் அதன் வாசல் வழியாக ஒரு திட்டம் உள்ளே வந்தால், அது தன் வருமானத்தில் நிற்காது என்பது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது என்று பொருள். பாடசாலைக்கோ குடிநீருக்கோ அது நல்ல விதி. அவை இலாபம் பார்க்க வேண்டியவை அல்ல. கப்பலிடம் கட்டணம் வாங்கிப் பிழைக்க வேண்டிய வர்த்தகத் துறைமுகத்துக்கு? அங்கே கடன் கடதாசியில் இருந்த உண்மையும் இங்கே மேடையில் சொன்ன வாக்குறுதியும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

ஐரோப்பா தன் போக்குவரத்துக் கணக்கை எப்படிப் பார்த்தது என்பதும் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆறு நாடுகள் 1951இல் நிலக்கரி, உருக்குச் சமூகத்தை உருவாக்கின. சுங்கவரி நீங்கியது, ரயில் கட்டணத் தகராறு நீங்கவில்லை. ஜேர்மனியின் ரூர் நிலக்கரி பிரான்ஸின் லொரேய்ன் உலைக்குப் போகையில், எல்லையில் ஒரு பயணம் முடிந்து இன்னொன்று தொடங்குவதாகக் கணக்கெழுதித் தொடக்கக் கட்டணத்தை இரண்டு தடவை வாங்கினார்கள். 1955இல் உடன்படிக்கை செய்து அந்தத் தந்திரத்துக்கு முடிவு கட்டினார்கள். சரக்கு புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை ஒரே பயணம் என்றானது.

ஒலுவிலில் அந்த முழுப் பயணத்தை யார் கணக்கிட்டார்கள்? கிழக்கு ரயில்பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே அம்பாறைக் கரையில் தண்டவாளமே இல்லை. பெரும்போகத்து நெல்லும் சிறுபோகத்து நெல்லும் லொறியில்தான் போகின்றன. அதை உண்பது உள்நாடு. கொழும்புக்குப் போகும் அரிசி மூட்டையைத் துறைமுகத்தில் ஏற்றி, தீவைச் சுற்றிக் கொண்டுபோய், மறுபடி இறக்கி, மறுபடி லொறியில் ஏற்ற எந்த முதலாளியும் உடன்பட மாட்டார். மருதமுனை நெசவுச் சாரனுக்குக் கப்பல் தேவையில்லை. வடக்கே திருகோணமலை இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. தெற்கே 2010இல் திறந்த ஹம்பாந்தோட்டையே கப்பலுக்குத் தவித்து, 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போனது. இவற்றுக்கு நடுவில் ஒலுவிலுக்கு எந்தச் சரக்கு வரும் என்று கேட்டிருந்தால், மணல் பிரச்சினைக்கு முன்பே விடை கிடைத்திருக்கும்.

மணல் பிரச்சினையும் எதிர்பாராத விதி அல்ல. இந்தக் கரையில், வருடக் கணக்கில் பார்த்தால், மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல் அணை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வாயில் தூரும், வடக்கே கரை அரியும். அப்படியே நடந்தது. ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் கரையையும் தென்னந்தோட்டங்களையும் கடல் கொண்டுபோனது. தோணி ஏற்றிவைக்கவும் கரைவலை இழுக்கவும் இடம் சுருங்கியது.

இதிலும் கசப்பானது ஊருக்கும் ஊருக்கும் இடையில் விழுந்த பிளவு. கல்முனைக்குடி, சாய்ந்தமருதுப் படகுக்காரர்களுக்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆழ்கடல் படகைத் திறந்த கடலில் நங்கூரமிட்டு, வாடைக் காலத்தில் உயிரைக் கையில் பிடித்திருக்க வேண்டும், அல்லது வாழைச்சேனைக்கு ஓட வேண்டும். ஒலுவில் மக்களுக்கோ தோண்டத் தோண்டத் தங்கள் வளவு கடலுக்குப் போகிறது என்ற பயம். இரு தரப்பும் நியாயம் பேசுகின்றன. இரண்டையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்த அதிகாரிகளிடம்தான் நியாயம் இல்லை.

வர்த்தகத் துறைமுகம் என்ற கனவை இனி விட்டுவிடலாம். தேர்தல் மேடையில் அதை மறுபடி உயிர்ப்பிக்க வருகிறவரிடம், எந்தச் சரக்கு, எந்தப் பாதையால், யார் செலவில் என்ற மூன்று கேள்வியைக் கேட்டால் போதும். மீன்பிடித் துறைமுகமாக அது உருப்படும். படகும் மீனும் ஆளும் இங்கேயே இருக்கிறார்கள்.

அதற்கு, மணல் அகழ்வை அவசரத்துக்கு ஒருமுறை தரும் சலுகையாக்காமல் ஆண்டுச் செலவாக எழுத வேண்டும். தோண்டிய மணலை விற்காமல், குழாய் வைத்து வடக்குக் கரையிலேயே கொட்ட வேண்டும். அப்போது படகுக்கும் வழி, கரைக்கும் மண். நிலம் இழந்தவர்களின் நஷ்டஈட்டைக் கட்சிக் கணக்குப் பார்க்காமல் தீர்க்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அம்பாறை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த மூன்றையும் ஒரே கோரிக்கையாகக் கடற்றொழில் அமைச்சிடம் எழுத்தில் கொடுக்கட்டும்; அதன் பிரதியைப் பள்ளிவாசல் நிருவாகங்களும் மீனவர் சங்கங்களும் கேட்டு வாங்கி வைத்திருக்கட்டும்.