பட்டா நிலத்தில் அழுகண்ணி

அழுகண்ணி இரண்டு ரூபாய் நாணயத்தின் அகலத்தைப் பெரும்பாலும் தாண்டாத செடி. ஆப்பு வடிவ இலைகள் வட்டமாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். வெயில் நன்றாக விழும் இடத்தில் செக்கச்செவேலென்று இருக்கும். இலை முழுக்க மயிர் போன்ற காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. எறும்போ கொசுவோ அதில் கால் வைத்தால், ஓரத்துக் காம்புகள் சில நொடிகளுக்குள் உள்பக்கம் மடங்கி அதை இலையின் நடுவுக்குத் தள்ளிவிடும். பிறகு ஊறிவரும் செரிமான நீர் பூச்சியின் சதையைக் கரைக்கும், இலை அதை உறிஞ்சிக்கொள்ளும், கூடு மட்டும் மிஞ்சும். தாவரவியல் நூல்களில் இதன் பெயர் டிரோசெரா பர்மன்னி. கொல்லிமலை, ஏற்காடு போன்ற கிழக்கு மலைகளிலும் புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் நிலங்களிலும் வளர்கிறது. பாறைச் சரிவில் நீர் கசியும் இடம், மழைக்காலத்தில் மட்டும் நனைந்து கிடக்கும் மெல்லிய மண், மேலே நிழலே இல்லாத வெளி: இவைதாம் அதன் வீடு.

கல்வராயன் மலையில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. அவற்றில் கணிசமானவை காப்புக்காட்டுக்கு வெளியே, தனியார் கைவசம் உள்ள நிலங்களில் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பேச்சு வனத்துறையோடு முடியாமல் நிலத்துக்காரரிடம் வந்து சேர்கிறது.

முதலில் தெளிவாக வேண்டியது, இந்தச் செடி ஏன் பூச்சி பிடிக்கிறது என்பது. பசிக்காக அல்ல. மற்ற செடிகளைப்போல இதுவும் வெயிலைக் கொண்டுதான் உணவு சமைக்கிறது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தையும் மணிச்சத்தையும்தான் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. 1875-இல் சார்லஸ் டார்வின் பூச்சி உண்ணும் செடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் பெரும்பகுதி அழுகண்ணியின் ஐரோப்பிய உறவைப் பற்றியது. காற்று மாசு வழியாகத் தழைச்சத்து கூடுதலாக வந்து விழும் சுவீடன் சதுப்புகளில், அதே ஐரோப்பியச் செடியின் இலைகள் பசை குறைந்து, பூச்சியை நம்புவதையும் குறைத்துக்கொண்டதை ஆய்வாளர்கள் 2012-இல் பதிவு செய்தார்கள்.

சத்து கூடினால் செடிக்கு நல்லதுதானே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். மண்ணில் சத்து ஏறியதும் கோரையும் புல்லும் முழங்கால் உயரத்துக்கு எழுந்துவிடும். தரையோடு கிடக்கும் அழுகண்ணிக்கு வெயில் கிடைக்காது. மற்ற செடிகள் பிழைக்க முடியாத ஏழை மண்ணில் போட்டியின்றி வாழ்ந்த செடி, மண் வளமானதும் தோற்றுப்போகிறது. மரவள்ளிக்கு யூரியா போடும் சரிவுக்குக் கீழே கசிவு இருந்தால், மழை அந்த உரத்தை அங்கே கொண்டுவந்து சேர்க்கும். யாரும் எதையும் வெட்டவில்லை, பிடுங்கவில்லை. இரண்டு மூன்று மழைக்காலத்தில் செடி இல்லாமல் போய்விடும்.

கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நில உரிமைக்காக மலையாளி பழங்குடி மக்கள் பட்ட பாடு அதன் பிறகும் நீண்டது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கேட்டு மனுப் போட்டவர்களுக்கு அது தெரியும். இப்படி அரும்பாடுபட்டுக் கிடைத்த காணியில், பூச்சி தின்னும் பூண்டுக்கு இடம் விடு என்று வெளியிலிருந்து வந்து ஒருவர் சொன்னால் கோபம் வருவது நியாயம். ஆனால் கேட்கப்படும் இடம் மரவள்ளியோ சாமையோ விளையும் இடமல்ல. கணக்கில் பாறை என்றும் கல்லாங்குத்து என்றும் எழுதப்பட்டுக் கிடக்கும் இரண்டு மூன்று சென்ட். ஏர் ஓடாத இடம். மழை நாளில் கால் வைத்தால் சளசளக்கும் இடம்.

மீட்பது என்றதும் நாற்று வாங்கி நடுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்தச் செடியில் வேலை நேர்மாறாக நடக்கிறது. கோடையில் காயும் இடங்களில் அழுகண்ணி ஓராண்டுப் பயிர்போல வாழ்கிறது. மழையில் முளைத்து, வெள்ளைப் பூ பூத்து, தூசி போன்ற விதையை உதிர்த்துவிட்டு வெயிலில் கருகிவிடும். விதை மண்ணிலேயே கிடந்து அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும். ஆகவே ஒரு காலத்தில் செடி இருந்த இடமாக இருந்தால், முதல் வேலை அந்த மண்ணை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான். நெதர்லாந்தில் சத்து ஏறிப்போன ஈரப் புல்வெளிகளில் மேல்மண்ணைப் புல்லோடு சீவி அகற்றுகிறார்கள். அடியிலிருக்கும் ஏழை மண் வெளிப்பட்டதும், புதைந்து கிடந்த விதைகள் முளைக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மெடோவியூ என்ற தனியார் ஆய்வு நிலையம் சொந்தமாக நிலம் வாங்கி, புதரைக் கட்டுப்பாட்டோடு எரித்து வெளியாக்கி, அங்கத்திய குடுவைச் செடிகளை மீட்டுவருகிறது.

நம் மலையில் தீ வைப்பது சட்டப்படியும் தவறு, பக்கத்துக் காட்டுக்கும் ஆபத்து. அரிவாளும் மண்வெட்டியும் போதும். புரட்டாசிக்குள் கோரையையும் புல்லையும் அறுத்து, அறுத்ததை அங்கேயே மக்கவிடாமல் வெளியே எடுத்துப் போட வேண்டும். மக்கினால் அதுவே எரு. உண்ணிச்செடி ஏறியிருந்தால் வேரோடு பிடுங்க வேண்டும். மேலே உள்ள வயலின் உரநீர் கசிவில் இறங்காதபடி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பலாம். ஆனால் கசிவு நீரையே தடுத்துவிடக் கூடாது. அங்கே வரப்பு கட்டித் தேக்கினாலும் செடி அழுகும். ஆடு மேய்வதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அளவான மேய்ச்சல் புல்லைத் தாழ்வாக வைத்திருக்கும். கெடுப்பது பட்டி போடுவதுதான், புழுக்கை சேர்ந்தால் மண் கெட்டது. இவ்வளவையும் செய்துவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் குனிந்து பார்க்க வேண்டும். முதல் மழையிலேயே முளைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கூடவே ஊதாவிலோ மஞ்சளிலோ ஊசிபோன்ற தண்டில் சிறு பூக்கள் தெரிந்தால் மகிழலாம். அது யூட்ரிகுலேரியா. ஈர மண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நீர்ப்பூச்சியை உறிஞ்சிப் பிடிக்கும் செடி.

செய்யக்கூடாதவையும் உண்டு. காப்புக்காட்டில் பெயர்த்து வந்து நடுவது குற்றம். அதோடு, வேர் மிக மெலிந்த செடி என்பதால் பெயர்த்தால் பிழைப்பதும் அரிது. இணையத்தில் விற்கும் தென்னாப்பிரிக்க டிரோசெராவையும் வீனஸ் பூச்சிப்பொறியையும் வாங்கி மலைச் சரிவில் விடுவது உதவி ஆகாது. அவை வீட்டுத் தொட்டியோடு இருக்கட்டும். சித்த மருத்துவத்தில் அழுகண்ணிக்குப் பெரும் பெயர் இருப்பதால் மூலிகை தேடி வருகிறவர்களும் உண்டு. பூத்து விதை உதிர்வதற்குமுன் பிடுங்கினால் அடுத்த ஆண்டுக்கான விதையும் சேர்ந்தே போகிறது என்பதை அவர்களிடம் நிலத்துக்காரர்தான் சொல்ல முடியும்.

நல்ல எண்ணத்தோடு வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த நினைக்கிறது. வேண்டிய திட்டம்தான். ஆனால் மரமில்லாத ஈரப் பாறைவெளியைக் காலி இடம் என்று எண்ணிக் குழி தோண்டிக் கன்று வைத்தால், மரம் நீரையும் குடிக்கும், நிழலையும் போடும். கன்று கொடுக்க வரும் அலுவலர் மழைக்காலத்தில் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இனி, நிலத்துக்காரருக்கு என்ன கிடைக்கும்? அதற்குமுன் மேகாலயத்தைப் பார்க்கலாம். அங்கே காடுகளின் பெரும்பகுதி குலங்களுக்கும் தனியாருக்கும் சொந்தம். அங்கே மட்டும் இயல்பாக வளரும் குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானாவுக்கு வன உயிரினச் சட்டத்தின் காப்பு உண்டு. இருந்தும் நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய இடங்களில் அதன் வாழிடம் அழிந்தது. செடியைச் சட்டத்தில் எழுதிவைப்பது மட்டும் போதவில்லை. நம்மிடம் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறது. ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்த இடங்களை ஏற்றலாம். மதுரை அரிட்டாபட்டி 2022-இல் ஆனதுபோல் பாரம்பரியத் தலமாக அறிவிக்கவும் வழி உண்டு. அப்படி அறிவிப்பதால் பொருளாதார ரீதியில் பாதிக்கப்படுகிறவர்களுக்கு ஈடு செய்யும் திட்டத்தை மாநில அரசு வகுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு சென்ட் கசிவுக்காகப் பாரம்பரியத் தலம் கேட்பது மிகை. ஆனால் பதிவேட்டில் ஒரு வரி கேட்கலாம், அந்த இடத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு பராமரிப்புத் தொகை கேட்கலாம். உழவருக்குச் சொட்டு நீருக்கும் பண்ணைக் குட்டைக்கும் மானியம் தரும் அரசு, உரம் போடாமல் விட்ட கசிவுக்கும் தரலாம். கல்வராயன் மலை ஊராட்சிகள் தங்கள் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.