‘லைஃப்டைம் ஆயில்’ என்றால் யாருடைய லைஃப்? பழைய ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஓஎம்ஆர் டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்தே சலித்துப்போனவர்களின் அடுத்த கனவு, ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. புதுசு வாங்க பட்ஜெட் இடிக்கும்போது, பலரும் செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், டயரைப் பார்க்கிறோம், ஏசியைப் போட்டுப் பார்க்கிறோம். ‘கியர்பாக்ஸ் ஆயில் கடைசியா எப்போ மாத்துனீங்க?’ என்று கேட்டால் மட்டும், ‘அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேணாம்’ என்று பதில் வருகிறது. இது எந்த அளவுக்கு உண்மை?

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களின் பட்ஜெட்டுக்குள் ஆட்டோமேட்டிக் எஸ்யூவிகள் வரத் தொடங்கியது கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில்தான். ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013இலும், ஹூண்டாய் கிரெட்டா, மஹிந்திரா எக்ஸ்யூவி500 ஆகியவை 2015இலும் ஆட்டோமேட்டிக் கியருடன் கிடைத்தன. அந்த முதல் அலை வண்டிகள்தான் இப்போது இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறுகின்றன. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் புதுப்பிக்கலாம். ஆக, ஆர்சி புக்கில் ஆயுள் மிச்சம் இருக்கிறது. கியர்பாக்ஸிலும் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

இந்த ஆயில் என்னதான் செய்கிறது?

மேனுவல் வண்டியில் கியர் ஆயிலின் முக்கிய வேலை, பல்சக்கரங்கள் தேயாமல் காப்பது. டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் அதற்கு நான்கு வேலைகள். இன்ஜினின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது, அழுத்தம் கொடுத்துக் கியரை மாற்றுவது, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் சரியான அளவில் பிடித்துக்கொள்ள உதவுவது, சூட்டை வெளியேற்றுவது. தட்டுகள் தேயும்போது வரும் துகள்களும் இதே ஆயிலில்தான் கலக்கின்றன. நாளாக நாளாகச் சூட்டில் ஆயிலின் தன்மை கெடும். அப்போது கியர் தாமதமாக விழும், வண்டி உதறும், கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் சூடு இன்னும் ஏறும். சூடு ஏறினால் ஆயில் இன்னும் சீக்கிரம் கெடும்.

அப்புறம் ஏன் ‘லைஃப்டைம்’ என்கிறார்கள்?

முதல் உரிமையாளர் வைத்திருக்கும் காலத்துக்கும், வாரண்டி காலத்துக்கும் பெரும்பாலும் அந்த ஆயில் தாங்கிவிடும். சர்வீஸ் செலவு குறைவு என்று காட்டவும் அது உதவும். ஆனால், கியர்பாக்ஸைத் தயாரிப்பவர்கள் சொல்வது வேறு. பிஎம்டபிள்யூ உள்ளிட்ட நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் வழங்கும் ஜெர்மனியின் இசட்எஃப், 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பல கார்களின் கையேட்டிலும் ‘கடினமான பயன்பாடு’ என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். நின்று நின்று போகும் டிராஃபிக், கடும் வெயில், மலைப்பாதை எல்லாம் அதில் வரும். சென்னை வண்டிக்கு எந்தப் பட்டியல் பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்பது சரியா?

பாதி உண்மை. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கும் வண்டியைப் புது ஆயில் காப்பாற்றாது. பழுது வெளியே தெரிந்ததும் பழி ஆயில் மீது விழுகிறது. பல வருடம் மாற்றாத வண்டியில், மெஷின் வைத்து ஒரேயடியாக ஃபிளஷ் செய்வதைவிட, வடித்துவிட்டு நிரப்புவது பாதுகாப்பானது. ஒருமுறை வடித்தால் எல்லா ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டருக்குள் கணிசமாகத் தங்கிவிடும். அதனால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒன்றிரண்டு முறை மாற்றுவார்கள். ஃபில்டரைத் தனியாக மாற்ற முடியும் என்றால் அதையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

இரண்டு விஷயத்தில் சமரசம் வேண்டாம். கையேட்டில் உள்ள அதே ரக ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். சிவிடி வண்டிக்கு சிவிடி ஆயில்தான். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி கியர்பாக்ஸே பழுதாகலாம். அடுத்து, அளவு. பல வண்டிகளில் டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் குத்துமதிப்பாக ஊற்றும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். ஏஎம்டி வண்டியின் கதை வேறு. அது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் தட்டு தேயும், மாற்ற வேண்டிவரும்.

வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது?

* இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.
* பிரேக்கை மிதித்தபடி டி, ஆர் போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று விநாடி யோசித்துவிட்டு ‘தட்’டென்று விழுந்தால் எச்சரிக்கை.
* அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றாலோ, ஒரே சீரான வேகத்தில் வண்டி நடுங்கினாலோ யோசியுங்கள்.
* ஆயிலைக் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பிரச்சினை. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம்.
* ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்வார்த்தை செல்லாது.

ஓட்டும்போது?

வண்டி முழுசாக நின்ற பிறகே டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றுங்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு பி. மேட்டில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். சக்கரங்கள் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

முடிவாக, ஆயில் மாற்றும் செலவையும் வண்டி விலையில் ஒரு பகுதியாகவே வையுங்கள். பில் இல்லையென்றால் அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். கியர்பாக்ஸ் வழுக்கும் வண்டி எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் மிச்சம் பிடித்த பணம் முழுவதையும் ஒரு கியர்பாக்ஸ் வேலையே சாப்பிட்டுவிடக்கூடும்.