ஓசி சரக்கா? ஒரே ஒரு நம்பர் தப்பு!

"ஓசியில வந்ததுடா, அப்படித்தான் இருக்கும்!"

லினக்ஸ் போட்ட பிறகு என் லேப்டாப் பேட்டரி அளவு காட்டாமல் போனதும் ஹாஸ்டல் நண்பர்கள் வழங்கிய தீர்ப்பு இது. ப்ராஜெக்ட் ரிவ்யூ நடுவில் மெஷின் பொசுக்கென்று அணைந்தபோது நானும் தலையாட்டினேன்.

தீர்ப்பு தப்பு நண்பர்களே! லினக்ஸ் பேட்டரி விவரத்தைச் சாதாரண ஃபைல்களாகவே வைத்திருக்கிறது. 'சிஸ்', அதற்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பவர்_சப்ளை'. திறந்து பார்த்தேன். என் பேட்டரியின் பெயர் 'பேட்1'. அளவு காட்ட நான் போட்டிருந்த காங்கி புரோகிராமோ 'பேட்0'-வைத் தேடிக்கொண்டிருந்தது. பூஜ்யத்தை ஒன்றாக்கினேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது? பக்கத்திலேயே இன்னும் இரண்டு ஃபைல்கள். 'எனர்ஜி_ஃபுல்_டிசைன்', புதுசில் பிடித்த அளவு: 48 வாட்-அவர். 'எனர்ஜி_ஃபுல்', இப்போது பிடிப்பது: 19! (ஃபைலில் மைக்ரோவாட்-அவரில் இருக்கும், பத்து லட்சத்தால் வகுக்கணும்.) அந்தப் பத்தொன்பதைத்தான் 100 சதவீதம் என்று திரை காட்டுகிறது. "ஃபுல் சார்ஜ் ஏறும் தம்பி" என்று சொல்லி விற்றவர் பொய் சொல்லவில்லை, பாவம்!

எனக்குக் கோபம் நம் மேல்தான். மல்டிமீட்டர் பிடித்துப் படிக்கிற நாம் ஒரு ஃபைலைத் திறக்காமல் குறை சொல்லலாமா? அடுத்த தடவை செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போனால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைப் பையில் போட்டுட்டுப் போங்க. அதில் பூட் பண்ணி, அந்த இரண்டு எண்ணையும் பார்த்துட்டு விலை பேசுங்க. சில மாடல்களில் 'எனர்ஜி'க்குப் பதில் 'சார்ஜ்_ஃபுல்' என்றிருக்கும். கணக்கு அதேதான்.