கதையை விஞ்சிய சித்திரம்

ஒரு கதைநூலைப் படித்து முடித்துப் பல ஆண்டுகள் சென்றபின் மனத்தில் எஞ்சுவது எது? நிகழ்ச்சிகளின் வரிசை பெரும்பாலும் மறந்துபோகும். சில முகங்களும் சில இடங்களுமே நிலைக்கும். இதற்குத் தக்க சான்று, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த இப்புதினத்துக்கு ஓவியர் மணியம் படம் வரைந்தார். எழுத்தும் ஓவியமும் இணைந்தே வாசகரைச் சென்றடைந்தன. குந்தவையின் கொண்டையும் வந்தியத்தேவனின் மிடுக்கும் இவ்வாறுதான் இருந்திருக்கும் என்று தமிழர் பலர் எண்ணுவதற்கு அவர்தம் கோடுகளே காரணம். பின்னாளில் வந்த சித்திரக்கதை நூல்களும் அந்த மரபின் தொடர்ச்சியே.

கதைப்பின்னலோ குறையற்றதன்று. ஒட்டுக்கேட்டலும் தற்செயல் சந்திப்பும் பல திருப்பங்களைத் தாங்கி நிற்கின்றன. ஐந்து பாகங்களின் மைய முடிச்சு ஆதித்த கரிகாலனின் கொலை. கொன்றவர் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்படவில்லை. முடிவு விரைந்துவிட்டது என வாசகர் குறைப்பட்டதால், ஆசிரியர் முடிவுரை எழுதி விளக்க நேர்ந்தது.

எனினும் நூல் தளரவில்லை. காரணத்தைக் கோடியக்கரையில் காணலாம். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்புச் சதுப்பும் அடர்ந்த காடும் கொண்ட நிலம் அது. அங்கே கலங்கரை விளக்கம் காப்பவரின் மகளாகப் பூங்குழலியைப் படைத்தார் கல்கி. வரலாற்றில் இல்லாத பெண் அவள். புதைசேற்றுக்கு நடுவே வழியறிந்தவள். சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காதலர் என்பவள். இலங்கைக்குத் தனியே படகு செலுத்துபவள். அந்த நிலத்தின் துணிவும் தனிமையுமே அவள் இயல்பாயின. ஓவியம் அவ்வியல்புக்கு உருவம் தந்தது.

கதைக்கட்டு தளர்ந்தால் நூலே தளர்ந்ததாகும். அழகிய படம் அக்குறையை மறைக்கும் திரையே என்பர் சிலர். இக்கூற்றைப் புறந்தள்ள இயலாது. ஓடக்காரப் பூங்குழலியை அரசியாக்கி அரண்மனைக்குள் அமர்த்துகிறது கதை. கடலே வீடென வாழ்ந்தவளுக்கு அம்முடிவு பொருந்துமா என்ற வினா எழத்தான் செய்கிறது. கதைப்பின்னலின் பிழை ஈண்டுப் பாத்திரத்தையே தீண்டுகிறது. ஆயினும் வாசகர் நினைவில் நிற்பவள் முடிசூடிய அரசியல்லள், துடுப்பேந்திய பெண்ணே. கதை தந்த முடிவையும் மீறி அவள் வாழ்கிறாள்.

மர்மம் ஒருமுறை தெரிந்ததும் தன் சுவையை இழக்கும். உயிருள்ள பாத்திரமோ ஒவ்வொரு வாசிப்பிலும் புதிதாய்ப் பேசும். படைப்பாளி மூன்றையும் ஒருங்கே பேண வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நூலை மதிப்பிடும் வாசகர், “அடுத்து என்ன நடந்தது?” என்று கேட்பதோடு நில்லாமல், “யார் என்னோடு தங்கினார்?” என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினாவில் தடுமாறும் நூல், இரண்டாவதில் வென்றால் நெடுங்காலம் வாழும்.