துப்பாக்கிக் குழலில் டார்ச் வேண்டாம்

வத்திராயிருப்பு, ராஜபாளையம் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் காட்டுப்பன்றி இறங்கும். விவசாயிக்கு இரவுத் தூக்கம் போய்விடும். பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்று, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருப்போர் சிலர் அதன் குழலிலேயே டார்ச்சைக் கட்ட நினைக்கலாம். இது சரியன்று.

குழலில் விளக்கு இருந்தால், எதைப் பார்க்க வேண்டுமானாலும் துப்பாக்கியை அதன்மேல் நீட்ட வேண்டும். சோளத்துக்குள் சலசலப்பது பன்றியாக இருக்கலாம். மோட்டார் போட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரராகவும் இருக்கலாம். கரிமருந்து தீப்பொறி கக்கும். காய்ந்த சோளத்தட்டையும் பட்டாசு ஆலைகளும் உள்ள சிவகாசி வட்டாரத்தில் ஒரு பொறி போதும்.

பன்றியைச் சுடும் உரிமையும் விவசாயிக்கு இல்லை. 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

ஆகவே விளக்கு தனியே இருக்கட்டும். தூரத்தில் பார்க்க, ஒளி குவிந்து பாயும் கை டார்ச் ஒன்று. வரப்பில் பாம்பு பார்த்து நடக்க, ஒளி பரவும் தலை விளக்கு ஒன்று. பகலிலேயே சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். இருவராகக் காவலுக்குச் செல்வதும், குரல் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. சேதம் நேர்ந்தால் வனத்துறையிடம் மனு கொடுத்து இழப்பீடு கேட்கலாம்.

பயிர் போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். ஆள் போனால் வராது.